பேரவையின் மாடத்தை இறக்கிய பெருந்தச்சர் குறித்துக் கோரைக்குடியார்க்கு

மஞ்சாறு பாயும் மண்ணெல்லாம் நலம் நிறைக! ஏழு மலைக்கும் இறைவியாகிய கோப்பெருந்தேவி நிலவுமாதேவியார் திருவாய் மொழிந்தருள, அமைச்சன் காரி விழுப்பரையன் எழுதும் ஓலை. கோரைக்குடி ஊராரும் அவர்தம் ஆடுமாடும் வயலும் வாழ்க.

உங்கள் ஓலை கிடைத்தது. தலைநகர் ஏரியின் கரையை உயர்த்தினால் உங்கள் ஊர் நீருக்குள் போய்விடும் என்றும், அதைத் தடுக்கவே பேரவைக்கு நீங்கள் தேர்ந்தனுப்பிய பெருந்தச்சர் நக்கன் பூதியார் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறார் என்றும், அவரைத் திருப்பியனுப்புக என்றும் எழுதியிருந்தீர்கள். அட அவசரக்காரர்களே, நடந்ததைக் கேளுங்கள்!

அப்பேரவை மண்டபமே பூதியார் எழுப்பியதுதான். நடுவில் அவர் குடைபோல் கவித்த மாடக்கூரையின் சாளரங்கள் வழியே காலை வெயில் பால்போல் கசிந்திறங்கும்; தூண்கள் மிதப்பனபோல் தோன்றும்; அமர்ந்தவர் கண்கள் தாமே சொக்கும். புதிய உறுப்பினர் முதலாண்டில் அம்மாடத்தின் கீழ் அமர்வது மரபு. பூதியாரும் அமர்ந்தார். தாம் கண்ட கனவுக்குள்ளேயே குடிபுகுந்தாற்போல் மகிழ்ந்து, மேலேயே பார்த்திருந்தார், பாவம்.

பிறகு உங்களுக்காக எழுந்து தொண்டை வற்றப் பேசினார். சொன்னதெல்லாம் மாடத்துக்குள் ஏறிச் சுழன்று, வெறும் ரீங்காரமாய்க் கரைந்தது. சுவரோரத்து மூத்தோர்க்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. தச்சர் தாலாட்டுப் பாடுகிறாரோ என்று ஒருவர் வினவ, அவை சிரித்தது. கட்டிய காலத்தில் சுவரோரம் நின்று அழகு பார்த்த பூதியார், நடுவில் அமர்ந்து பேசிப் பார்த்ததே இல்லை. பேசுவோர் சொல்லை மாடம் விழுங்குவது அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் தேவியாரை அடைந்து, மாடத்தை இறக்க ஆணை வேண்டுமென்றும், அதுவரை ஏரிக்கரைத் தீர்மானத்தை நிறுத்திவைக்க வேண்டுமென்றும் பணிந்தார். அவர் புகழே அம்மாடத்தால் அல்லவா என்று தேவியார் திகைத்துக் கேட்டருள, கோரைக்குடி நிற்கட்டும், தம் பெயர் போனால் போகட்டும் என்றார். முதற்கல்லை அவரே அழுதுகொண்டே பெயர்த்தார். நாமும் அழுதோம்; மறைப்பானேன்!

திறந்த வானத்தின் கீழ் மறுபடி பேசினார். பேசுகையில் தூறல் விழுந்தது. மலைமேகம் தூண்களுக்கிடையே மெல்லப் புகுந்தது. ஒருவரும் எழவில்லை. எல்லார்க்கும் கேட்டது. ஏரிக்கரைத் தீர்மானம் தோற்றது. உங்கள் ஊர் உங்களுக்கே.

ஆகவே ஆணை: பூதியார் அவையிலேயே இருப்பார். அம்மண்டபத்துக்கு இனி எவரும் கூரையிடலாகாது. மழை வரின் தேவியாரும் நனைந்தபடியே கேட்பார். மஞ்சாறு ஓடுமளவும் இது நிற்க. அன்றில் பறவை இலச்சினை பொறித்தோம். அரக்கு கலங்கியிருப்பின் பொறுத்துக்கொள்க. இதை அவையில் அமர்ந்தே எழுதுகிறோம்.