மலையில் கேட்ட என் குரல்

ஜூன் 9, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. விடுதியின் படுக்கை விரிப்பெல்லாம் அலசிப் போட்டேன், ஒன்றும் காயவில்லை.

ஞாயிறு பெரிய கூட்டம், சிங்கப்பூரிலிருந்து. துரைகள், துரைசானிகள். வாங்க வேண்டியது: கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, டின் பால், அட்டைக் கடிக்குப் புகையிலை.

முதலாளி ராமையா வந்தார். பஸ்ஸும் அவருடையது, விடுதியும் அவருடையது. முகமெல்லாம் சிரிப்பு. சிரிக்க மாட்டாரா? ரப்பர் விலை விழுந்து எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்ததிலிருந்து தங்காக் கடைத்தெரு பிழைப்பது மலை பார்க்க வருகிறவர்களால்தான். கோழி விற்கும் மலாய்க்காரி, கம்பளி விற்கும் துணிக்கடை, கோப்பிக்கடைச் சீனர், மூட்டை தூக்குகிறவர்கள். சமைக்கும் நான். வழி காட்டும் என் வீட்டுக்காரர் அந்தோணி. துரைகள் வராத வாரம் எல்லார் வீட்டிலும் கஞ்சி.

கூட்டம் பெருகியது முனியன் காணாமல் போன பிறகு. எழுதவே கூசுகிறது. இவருக்கு முன் வழி காட்டியவன் முனியன். ஈஸ்டர் சமயத்தில் துரைகளை அருவிப் பக்கம் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனான். வரவில்லை. ஊரே தேடியது. அதற்கப்புறம் மேலே போகிறவர்களுக்கு அவன் குரல் கேட்கிறது. எப்போதும் சொல்வானே, அதே பேச்சு: "திஸ் வே, மாஸ்டர். ஸ்லோ, ஸ்லோ." யாரோ சிங்கப்பூர்ப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அதைக் கேட்கத்தான் இப்போது வருகிறார்கள்.

இன்று முதலாளியிடம் கேட்டேவிட்டேன். "யாரையாவது ஆள் வெச்சுக் கூப்பிட வைக்கிறீங்களா?"

"ஆள் வெச்சிருந்தா இந்நேரம் கூலி கேட்டு வாசல்ல நிப்பான்லா," என்றார். பிறகு சிரிப்பில்லாமல், "நான் இல்ல, பிலோமினா. யாருன்னும் தெரியாது. நிக்காம இருக்கணும்னு மட்டும் வேண்டிக்கிறேன்."

விரிப்பு இன்னும் ஈரம்.

ஜூன் 11, வியாழன்

நல்ல வெயில். மலாக்காவிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேர். இவர் காலையில் கூட்டிக்கொண்டு போய், வெயில் இருக்கும்போதே இறக்கிவிட்டார். வாத்தியார்கள் நேரே பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். காப்பி கூட வேண்டாம் என்றார்கள்.

இவர் சமையற்கட்டு வாசலில் நின்று என் காலைப் பார்த்தார். சேறு இருக்கிறதா என்று.

"நீ ஏன் அங்க வந்த?"

"எங்கே?"

"பெரணிக் காட்டுக்கிட்ட. 'என்னங்க, சாப்பாடு ஆச்சு, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க'ன்னு கூப்பிட்டியே."

நான் அடுப்பை விட்டு நகரவில்லை. பஸ் டிரைவர் காதர் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அவனும் சொன்னான், "அக்கா இங்கதான் இருந்தாங்க, அண்ணே."

அப்புறம்தான் இவர் நடந்ததைச் சொன்னார். வாத்தியார்கள் இருவரும் பாதையை விட்டு இறங்கி அந்தக் குரலை நோக்கி நடந்தார்களாம். பெரணிக்கு அப்பால் பள்ளம். சட்டையைப் பிடித்து இழுத்தாராம்.

"நானும் கொஞ்ச தூரம் நடந்துட்டேன், பிலோ. உன் குரல்தானே."

முதலில் பயம் வரவில்லை. கோபம். என் சேலையை யாரோ எடுத்துக் கட்டிக்கொண்டு ஊரில் நடந்தது போல.

ஜெபமாலை எங்கே வைத்தேன், தெரியவில்லை.

ஜூன் 12, வெள்ளி

தலைவலி. முதலாளியிடம் இவர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டது இதுதான்: "ஞாயித்துக்கிழமைக் கூட்டம் மட்டும், அந்தோணி. வாக்கு குடுத்திட்டேன்."

இவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. நானும் வருகிறேன் என்றேன். கண்ணெதிரே நான் நடந்தால், வேறெங்கிருந்தாவது என் குரல் வந்தால் அது நானில்லை என்று தெரியுமே. இவர் மறுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாயிற்று.

ஜூன் 14, ஞாயிறு, மாலை

எழுத்து கோணல்.

காலையில் பளீரென்று வெயில். கூட்டம் கலகலப்பு. இவருக்கு முன்னால் நான். பேசுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அட்டை, வேர், வழுக்கல். பெரணிக் காட்டில் சில்வண்டுச் சத்தம் ஒரேயடியாக நின்றது.

இடது பக்கம், கீழே, என் குரல். "என்னங்க, சாப்பாடு ஆச்சு."

துரைகளுக்கு ஒரே சந்தோஷம். ஒருவர் தொப்பியை ஆட்டினார். ஒரு துரைசானி மட்டும் என் வாயையே பார்த்தாள். மூடியிருந்தது. அவள் முகம் வெளுத்தது.

உடனே வலது பக்கத்திலிருந்து இவர் குரல். "வர்றேன், பிலோ."

திரும்பிப் பார்த்தேன், இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

"உப்பு போட்டியா?"

"போட்டேன். நேத்து மாதிரி கரிக்காது."

"பசங்க எங்க?"

"பின்னால வர்றாங்க."

எங்கள் குரலில் எங்கள் வீட்டுப் பேச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை மட்டும் அது எங்கே கற்றது? பேச்சு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி வந்தது. நடுவில் நாங்கள்.

இவர் கையைக் காட்டி எல்லாரையும் கீழே திருப்பினார். ஓடவில்லை, ஓடினால் ஆள் சிதறும். அந்தத் துரைசானி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

பஸ்ஸில் ஏறியதும் மறுபடி சிரிப்பு. நண்பர்களை அனுப்புவார்களாம்.

ஜூன் 15, திங்கள்

அடுத்த ஞாயிறுக்கு இரண்டாவது பஸ் வாடகைக்குப் பேசிவிட்டார் முதலாளி. இவர் முதல்முறையாக எதிர்த்துப் பேசினார். "பாதையில வேலி போடுங்க. இனிமே யாரையும் அனுப்பாதீங்க."

"பாதைய மூடினா கடைத்தெருவையும் மூடணும். அத்தனை பேரு சோத்துக்கு நீ வழி சொல்லு."

"அப்ப நாங்க போறோம்," என்றார் இவர். எனக்குக் கோழிக்காரியின் வீடு கண்ணில் நின்றது.

டிரங்குப் பெட்டி, பாய், பாத்திர மூட்டை, மாதா படம். காதர்தான் ஏற்றிவிட்டான். ஜொகூர் பாரு போகிறோம்.

ஜூலை 17, வெள்ளி

ஜொ. பாரு. புழுக்கம். கோவிலுக்குப் பின்னால் ஒரு அறை. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டிக் காரில் வருகிறவர்களுக்கு மசூதியும் தோட்டமும் சுற்றிக் காட்டுகிறார் இவர். நான் ஒரு சாப்பாட்டுக் கடையில். இங்கும் வருகிறவர்களை நம்பித்தான் பிழைப்பு, ஆனால் சத்தமான பிழைப்பு. ஹாரன், ரிக்‌ஷாக்காரன், மீன்காரன்.

ஒருவரை ஒருவர் குரல் கொடுத்துக் கூப்பிடுவதை விட்டுவிட்டோம். எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. வேண்டுமானால் தோளைத் தொடுகிறோம்.

இவருக்குச் சட்டைத் துணி வாங்க வேண்டும்.

ஜூலை 21, செவ்வாய்

காலையில் மழை விட்டதும் காதர் கடைக்குள் வந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். இவர் அப்போதுதான் காப்பி குடிக்க வந்திருந்தார்.

"அண்ணே, நீங்க எப்ப இங்க வந்தீங்க?"

"போன மாசம் நீதானே பெட்டி ஏத்திவிட்ட."

"அதுக்கப்புறம் தங்காக் திரும்பி வரலியா?"

"இல்லையே."

காதர் அழ ஆரம்பித்தான். மெல்ல மெல்லச் சொன்னான். ஞாயிறு காலை ஒரு குடும்பம் வந்ததாம், பிள்ளைகளோடு. வழி காட்ட ஆள் இல்லை என்று முதலாளி திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார். நல்ல மூடுபனி. பாதை முகப்பிலிருந்து இவர் குரல்: "அனுப்பி வை, காதர், நாங்க பாத்துக்கிறோம்." நாங்கள் மனசு மாறி வேறு பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டான். முதலாளியும் அப்படியே நினைத்து அனுப்பிவிட்டார்.

"பொழுது சாயிற நேரத்துல நான் கீழ நின்னு கூப்பிட்டேன். 'இதோ வர்றோம், பிள்ளைங்க சாப்பிடுறாங்க'ன்னு அக்கா குரல் வந்துச்சு. நேத்தும் கூப்பிட்டேன். அதே பதில்."

யாரும் இறங்கவில்லை. நேற்றுத் தேடப் போனவர்கள் பெரணிக் காட்டோடு பயந்து திரும்பிவிட்டார்களாம். இன்னும் ஆள் கேட்கத்தான் காதரை இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறார் முதலாளி.

இவர் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். பாதை தெரிந்தவர் வேறு யார்? நான் தடுக்கவில்லை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். கயிறு, அரிவாள், புகையிலை, பிஸ்கட், பிள்ளைகளுக்குக் கம்பளி.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இவர். இப்போதுதான் கேட்டார், "மேல போய் அந்தப் பிள்ளைங்கள எப்படிக் கூப்பிடறது?"

இரண்டு நாளாக எங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கூப்பிட்டால் வருமா, பயந்து இன்னும் உள்ளே ஓடுமா?

கூப்பிட வேண்டாம் என்றேன். கையைப் பிடித்துத்தான் கூட்டி வர வேண்டும்.