கைக்குழந்தையோடு கப்பலேறிய கதை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி வாய் உட்பட எல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து இந்த வரியைப் படித்துவிட்டாள், முறைக்கிறாள், நான் மேலே எழுதுகிறேன்.

போன வாரம் நீ போனில், "அப்பா, அண்ணன்கூட கப்பல்ல போயிட்டு வந்தீங்கல்ல, நாங்களும் வர்ற லீவுக்குப் போகலாம்னு பாக்கறோம், சின்னக் குழந்தைங்கள வச்சுக்கிட்டு அது சரிப்பட்டு வருமா?" என்று கேட்டாய். நான் வாயெடுப்பதற்குள் உன் மகள் போனைப் பிடுங்கி என் காதில் ஒரு கத்துக் கத்திவிட்டு எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் வெகுநேரம் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால்தான் கடிதம். இதையும் அவள் பிடுங்குவாள், ஆனால் கிழிந்தால் ஒட்டிப் படித்துக்கொள்ளலாம்.

உன் அண்ணன் எங்களைக் கூப்பிட்டபோது, "வாழ்க்கையில ஒரு தடவையாவது நீங்க ரெண்டு பேரும் நடுக்கடலைப் பாக்க வேணாமா?" என்று உருகினான். நானும் உருகிவிட்டேன். டிரைவிங் ஸ்கூலுக்குப் பூட்டுப் போட்டு, கதவில் "ஆசிரியர் கடற்பயணத்தில்" என்று அட்டைகூடத் தொங்கவிட்டேன். கப்பலேறி மூச்சு வாங்குவதற்குள் அவன் மகளை என் மடியில் வைத்து, பால் புட்டியை உன் அம்மா கையில் கொடுத்து, "இதோ வந்துடறோம்" என்று உன் அண்ணனும் அண்ணியும் நழுவியபோதுதான் எந்த வேலைக்கு எங்களுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான் என்று விளங்கியது. நழுவியவர்களும் ரொம்ப தூரம் போகவில்லை. பேத்தி போட்ட கூச்சலில் பாதி வராந்தாவிலிருந்தே திரும்பி வந்துவிட்டார்கள். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியும்தானே, பிசின். ஒன்றரை வயதாகியும் அம்மா இடுப்பை விட்டு இறங்காத பிசின். அவள் அண்ணன் ஐந்து வயது சக்கரம், நின்று யாரும் பார்த்ததில்லை. ஒட்டுவது ஒன்று, உருளுவது ஒன்று, இரண்டையும் வைத்துக்கொண்டு நடுக்கடல்.

கேபினைப் பற்றிச் சொல்கிறேன், மாப்பிள்ளையையும் கேட்கச் சொல். படத்தில் பார்த்தால் அரண்மனை, உள்ளே போனால் அலமாரி. கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் குழந்தைக்கு மடக்குத் தொட்டிலை விரித்தார்கள், அதோடு தரை தீர்ந்துபோயிற்று. தொட்டிலை விரித்தால் குளியலறைக் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் குழந்தை முழித்துக்கொள்ளும். அதனால் உன் அண்ணனும் அண்ணியும் பல் தேய்க்கக்கூட பக்கத்திலிருந்த எங்கள் கேபினுக்கு வந்தார்கள். தள்ளுவண்டி வாசலிலேயே மாட்டிக்கொண்டது. நான் வண்டி ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பவன், ஒடித்துத் திருப்பி எவ்வளவோ பார்த்தேன், பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. சுவரில் மடித்து வைத்த மேல் கட்டில் எங்கள் கேபினில் இருந்தது. அதில் படுத்தே தீருவேன் என்று சக்கரம் ஒரே ரகளை, விழுந்துவிடுவான் என்று உன் அம்மா விடவில்லை, கடைசியில் யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று அதில் நான் படுத்தேன். திரும்பிப் படுக்கும்போதெல்லாம் கூரையில் மூக்கு இடித்தது.

அடுத்து நீச்சல் குளம். சக்கரத்துக்கும் பிசினுக்கும் மீன் படம் போட்ட நீச்சலுடையை உன் அம்மாவே தைத்துக் கொண்டுவந்திருந்தாள். குளத்தோரம் நின்ற காவலர் பிசினைப் பார்த்தார், அவள் உடையின் பின்பக்க உப்பலைப் பார்த்தார், டயபர் கட்டிய குழந்தைகளுக்குக் குளத்தில் இடமில்லை என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். சுகாதாரம், அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அண்ணன் தண்ணீரில் கும்மாளம் போட, தான் மட்டும் கரையில் என்றால் பிசினுக்கு அந்த நியாயம் புரியுமா? அவள் அழுத அழுகையில் சாய்வு நாற்காலிகளில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வேறு தளத்துக்குப் போய்விட்டார்கள். சரி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டு அறை இருக்கிறதே என்று போனால், அங்கே மூன்று வயது முடிந்து, கழிப்பறைக்குப் போகத் தெரிந்தவர்கள்தான் உறுப்பினர். சக்கரம் உள்ளே போனான், போனவன் வெளியே வர மறுத்துவிட்டான். "நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று எங்களுக்கு விடைகொடுத்தான். ஆக, விட முடிகிற பிள்ளை திரும்பி வராது, திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லாமல் இன்னொன்று இடுப்பிலேயே.

ராத்திரிச் சாப்பாடு பிசின் தூங்கும் நேரத்துக்குத்தான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தட்டாக, நிதானமாக, மேளதாளம் இல்லாத குறையாகக் கொண்டுவருவார்கள். முதலில் சூப். அது வருவதற்குள் பிசின் இரண்டு ஸ்பூனை எறிந்திருப்பாள், ஒன்று பக்கத்து மேஜைக்காரர் சூப்பிலேயே விழுந்தது. உன் அண்ணி நின்றுகொண்டே சாப்பிட்டாள், உன் அண்ணன் அவளுக்கு முன்னாலோ பின்னாலோ சாப்பிட்டான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை. பரிமாறுகிற தம்பி தங்கமானவர், துணியை மடித்து முயல் செய்துகொடுத்தார். பிசின் முயலை வாயில் போட்டுக்கொண்டாள்.

சிரிக்காதே, இனிமேல் சொல்வதுதான் விஷயம். பிசின் பிறந்ததிலிருந்தே உன் அண்ணனும் அண்ணியும் முகம் பார்த்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. அவன் ஏ.சி. ரிப்பேருக்குப் போய்விட்டு இருட்டினதும் வருவான், அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள், "டயபர் தீந்துபோச்சு", "சரி", "பால் இருக்கா", "இருக்கு", இவ்வளவுதான் குடும்பம். இந்தக் கப்பலே அதற்காகத்தான் என்று அவன் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தான். மூன்றாம் நாள் அவர்கள் கேபினிலிருந்து குரல் கேட்டது. சுவரா அது, காகிதம். "கடலைப் பாத்துக்கிட்டே நிம்மதியா பேசலாம்னு சொன்னது நீங்கதானே? மூணு நாளா நான் எங்க கடலைப் பாத்தேன்? டயபரைத்தான் பாத்தேன்" என்றாள் அவள். "நான் மட்டும் என்ன பாத்தேன்?" என்றான் அவன். நான் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள ஒரு இருமு இருமினேன், காதில் விழுந்திருக்கிறது என்று அவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது என்கிறாள் உன் அம்மா.

மறுநாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. ஊர் சுற்றிவிட்டு நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று அறிவித்தார்கள். உன் அம்மா நேராக அண்ணியிடம் போய் பிசினை இடுப்பிலிருந்து உரித்து எடுத்தாள், உரித்து என்றுதான் எழுத வேண்டும், "நீங்க ரெண்டு பேரும் இறங்கிப் போயிட்டு வாங்க. பேசுங்க, சண்டை போடுங்க, எதையாவது பண்ணுங்க. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். அண்ணி பாலுக்கு எவ்வளவு சூடு, எந்தப் பொம்மை இல்லாவிட்டால் தூங்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து போனாள். பிசின் கொஞ்ச நேரம் கத்தினாள். பிறகு யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

அந்தப் பகல் மாதிரி ஒரு பகல் அந்தக் கப்பலில் எங்களுக்கு வாய்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் இறங்கிப்போய்விட்டது. லிப்ட் எங்களுக்கு, வராந்தா எங்களுக்கு. சக்கரம் அலுக்கும்வரை ஓடினான். பிறகு ஒரு நாற்காலியைக் காராக்கி நான் அவனுக்குப் பாடம் எடுத்தேன், நம் ஸ்கூலில் சேரும் பலரைவிட நன்றாகவே சிக்னல் போடுகிறான். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து பிசின் முன்னால் வைத்தார். அவள் மீன் படம் போட்ட உடையோடு அதில் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தாள். குளமெல்லாம் அவளுக்கு வேண்டியே இருக்கவில்லை.

நாலு மணி நெருங்கியது. போனவர்கள் கும்பல் கும்பலாகத் திரும்பினார்கள். நம்மவர்களைக் காணோம். போன் போட்டால் போகவில்லை. நாங்கள் நாலு பேரும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சங்கு ஒரு தடவை ஊதியது. உன் அம்மா, "பால் பவுடர் எந்தப் பையில இருக்குன்னு கேக்கலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பணிப்பெண் ஒருவர் ஓடிவந்து எங்கள் கேபின் எண்ணைக் கேட்டுவிட்டு குழந்தைகளைப் பார்த்தார், அவர் பார்த்த விதத்திலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. சக்கரம் மட்டும் தெளிவாக இருந்தான். "அப்பா அம்மா வரலேன்னா மேல் கட்டில்ல நான் படுத்துக்கலாமா தாத்தா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தவன், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

கரையையும் கப்பலையும் சேர்க்கும் பாலத்தின் கயிற்றை ஆட்கள் அவிழ்க்க ஆரம்பித்தபோது, துறைமுகத்தின் அந்தக் கோடியில் சிவப்பாக ஏதோ ஒன்று குதித்துக்கொண்டு வந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி. அதற்குக் கீழே உன் அண்ணன். பிசினுக்காக வாங்கியதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முன்னால் வழி தெரியாமல், உன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். அவள் செருப்பை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு அவனை இழுத்து வருகிறாள். மேல்தளம் முழுக்கக் கை தட்டுகிறது. "அம்மா, ஓடு!" என்று சக்கரம் கத்துகிறான். இத்தனை வருஷமாகக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே வயிறு வளர்த்தவன் நான். அன்றைக்குக் கம்பியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு, "மிதி! மிதிடா!" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பாலத்தில் நின்றவர் இவர்களைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தினார், இரண்டு பேரையும் தொட்டியோடு சேர்த்து உள்ளே இழுத்துப்போட்டார்கள்.

நான் நன்றாகத் திட்டுவதென்று கீழே இறங்கினேன். இரண்டு பேரும் வாசலுக்குள் தரையிலேயே உட்கார்ந்து, மூச்சு முட்ட, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன், திட்டு வரவில்லை. "எங்கம்மா போயிட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். "எங்கயும் போகல மாமா. தொட்டி வாங்கினோம். பேசலாம்னு பார்க்ல ஒரு பெஞ்சுல உக்காந்தோம்" என்றாள். "அப்புறம்?" "தூங்கிட்டோம் மாமா." மத்தியானம் முழுக்க. ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து. ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆனால் அன்று ராத்திரி பிசின் தூங்கினபிறகு அவர்கள் கேபினிலிருந்து வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் இருமவும் இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கப்பல் கெட்டதல்ல. சக்கரத்தின் வயசுப் பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். டயபர் கட்டியதை இடுப்பில் வைத்திருப்பவர்களுக்கு அது தண்ணீரில் மிதக்கிற வீடு, அவ்வளவுதான். வீட்டில் என்ன வேலை உண்டோ எல்லாம் அங்கேயும் உண்டு, இடம் மட்டும் கிடையாது. உன் சின்னவனுக்குப் பத்து மாதம்தானே ஆகிறது, அவனுக்கு இன்னும் கொஞ்சம் விவரம் வரட்டும். ஆனால் இதைச் சொல்லிவிட்டு விட்டுவிட எனக்கு மனசில்லை. அன்றைக்குப் போனில் நீ பேசும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, எங்கே விட்டேன் என்று என்னையே கேட்டாய். உன் அண்ணிக்குக் கீழே இறங்கிப்போக ஒரு துறைமுகமும், பிள்ளையை வாங்கிக்கொள்ள உன் அம்மாவும் இருந்தார்கள். உனக்கு அங்கே பக்கத்தில் யாரும்மா இருக்கிறார்கள்?

அதனால் அம்மாவும் நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். உன் லீவு ஆரம்பிக்கும்போது நாங்கள் அங்கே வருகிறோம். கப்பலில் இல்லை, பயப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் வேலைக்கும் போகாமல், கடைக்கும் போகாமல், சும்மா வெளியே போக வேண்டும். பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். தூங்கிப்போனாலும் திட்ட மாட்டேன், எனக்கு இப்போது அனுபவம் இருக்கிறது.

நீங்கள் நாலு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீடூழி வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பேத்திக்கு முத்தம் கொடு, பேரன் காதில் மெதுவாக என் பெயரைச் சொல்லி வை. மறக்காமல் ஒரு காரியம் செய்: வீட்டுப் பக்கத்தில் நிழலாக ஒரு நல்ல பெஞ்சு எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வை.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

அம்மா எழுதுவது: அப்பா எழுதினதில் முழங்கால் விஷயம் தவிர மற்றது நிஜம். பெஞ்சுக்குச் சாய்மானம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், கழுத்து பிடித்துக்கொள்ளும்.