இனி மாத்திரை அனுப்பாதே

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்க இன்று கை வரவில்லை. இதை உட்கார்ந்து படி.

உன் அம்மாவின் தலைவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக எதையெல்லாம் குற்றம் சொன்னோம்! ஜன்னல் வெளிச்சம், எதிர்வீட்டு ரேடியோ, எல்லாவற்றுக்கும் மேல் என் தையல் மிஷின். அதன் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று அத்தை சொல்ல, உன் அண்ணன் அதைத் தூக்கித் துணி துவைக்கும் இடத்தில் போட்டார். சாரலில் நனைந்துகொண்டு தைத்தேன். அது கிடக்கட்டும்.

புது டாக்டரிடம் போனோம். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அத்தை பெருமையாக, "என் பொண்ணு வெளிநாட்டிலேர்ந்து அனுப்புறா. பல் தேய்ச்சதும் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலி வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுவேன். வந்தப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு முதல்ல இருந்தது எப்பவாவது வர்ற ஒற்றைத் தலைவலி. அதைத் தினமும் வர்ற வலியா ஆக்கினது இந்த மாத்திரைதாம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலி மாத்திரையை விடாமல் விழுங்கினால், அதன் வேகம் இறங்கும்போது தலை மறுபடி வலிக்குமாம். அதற்கு இன்னொன்று, பிறகு இன்னொன்று. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! உன் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை சுவரைப் பார்த்தார். சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

நிறுத்தினால் சில வாரம் வலி அதிகமாகும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் குறையும் என்றார். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவில் நீ அனுப்பியிருந்ததையெல்லாம் அள்ளி எடுத்துவிட்டேன். அப்படியும் நேற்று அத்தையின் முகம் தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தேகம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். ஒளித்து வைத்த மாத்திரை எங்கே இருந்தது தெரியுமா? என் தையல் மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில்! அந்தச் சனியன் பக்கமே போகமாட்டேன் என்றவர்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

பிடுங்கியபோது அத்தை குழந்தைபோல் அழுதார். "அதைப் போடுறப்ப என் பொண்ணே வந்து நெத்தியைப் புடிச்சு விடுற மாதிரி இருக்கும்டி. அதையும் புடுங்கிட்டியே" என்றார்.

உன்மேல் குற்றமில்லை. ஆசையாகத்தானே அனுப்பினாய். அத்தை உனக்கு ரகசியமாகப் போன் பண்ணுவார். அண்ணி கொடுமைப்படுத்துகிறாள் என்பார். நம்புவதுபோலக் கேட்டுக்கொள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இங்கே வருகிற யாரிடமும் ஒரு மாத்திரை அட்டைகூடக் கொடுத்தனுப்பாதே. கல்நெஞ்சாக இரு.

வலி ஏறும்போது நெற்றியை நான்தான் பிடித்துவிடுகிறேன். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள், சொரசொரவென்று இருக்கிறதாம். தட்டிவிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் அண்ணி