மாவில் உதிர்ந்த மணிகள்

ஆண்டவர் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற நினைப்போடு, என் வீட்டுக்காரருக்கு உங்கள் மனைவி எழுதுவது.

நான் நலம். மாமாவும் நலம். நலமாக இருப்பதால்தான் காலையிலிருந்து காபியில் சர்க்கரை போதவில்லை, பேப்பர் நனைந்திருக்கிறது, பக்கத்து வீட்டு நாய்க்கு மரியாதை தெரியவில்லை என்று வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் எனக்குப் பயம்.

உங்கள் கடிதம் வந்தது. போன கடிதத்தில் எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வரி நேராக நிற்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பிறகுதான் படித்தேன். குடியை மறக்கவைக்கிற அந்த இல்லத்தில் போன் தர மாட்டோம், கடிதம்தான் என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு அழுகையாக வந்தது. இப்போது இதுவே நல்லது என்று தோன்றுகிறது. போனில் என்றால் "ம்", "சரி", "வைக்கட்டுமா" என்ற மூன்றோடு முடித்துவிடுவீர்களே!

பேக்கரியில் ஒரு கூத்து நடந்தது. நீங்கள் கொஞ்சம் தேறட்டும் என்று எழுதாமல் வைத்திருந்தேன். அங்கே சேர்ந்த புதிதில் உங்களுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா, அன்றைக்கு நடந்தது. காலையில் சிஸ்டர் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, வேலைக்குப் போய்விட்டேன். மாவு அறைக்குள் வளையல், மோதிரம், கடிகாரம் எதுவும் கூடாது. எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும், ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றி, சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன். கை மாவில், வாய்க்குள் அருள்நிறைந்த மரியே.

பன்னுக்கான மாவை இயந்திரத்திலிருந்து அள்ளி மேசையில் போடும்போது நூல் பட்டென்று அறுந்தது. அன்றைக்குப் பார்த்து உலர்திராட்சை போட்ட மாவு. என் ஜெபமாலையோ பழுப்பு நிற மரமணி. எது திராட்சை, எது மணி என்று அந்த மாதாவுக்கே தெரிந்திருக்காது.

முதலாளியம்மா வந்தார். நான் ஒன்றும் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அடுப்பே தேவையில்லை, அதிலேயே பன் வெந்திருக்கும். பிறகு அவரே கையைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார். பேக்கிங் பெண்கள், நான், அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அக்கா எல்லோரும் அத்தனை மாவையும் பிய்த்துப் பிய்த்துத் தேடினோம். "நசுங்கினா திராட்சை, நசுங்கலைன்னா ஜெபம்" என்று அடுப்பு அக்கா எல்லோருக்கும் பாடம் எடுத்தார். முதலில் சிலுவை கிடைத்தது. மணிகளும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் ஒன்று மட்டும் குறைந்தது. யார் பல்லாவது உடைந்தால் கடைப் பெயர் போய்விடும், எல்லாவற்றையும் குப்பையில் கொட்டுங்கள் என்றார் முதலாளியம்மா. கொட்டியாயிற்று. நான் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். சட்டைக் கை மடிப்பிலிருந்து அந்த ஒற்றை மணி விழுந்து, தரையில் டக் டக்கென்று குதித்து, நேராக முதலாளியம்மா செருப்பில் போய் முட்டி நின்றது.

அடுப்பு அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் ஒருவர் பாக்கி இல்லாமல் சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தன் அறைக்குள் போய்விட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். என்னைக் கூப்பிட்டு, "யாருக்காகம்மா வேலை நேரத்துல இவ்வளவு ஜெபம்?" என்று கேட்டார். சொன்னேன். போனை என் பக்கம் தள்ளினார். சிஸ்டரைக் கூப்பிட்டேன். நீங்கள் கண் திறந்துவிட்டீர்களாம், தண்ணீர் கேட்டீர்களாம், ஊசி போட வந்த நர்ஸைத் திட்டினீர்களாம். உங்கள் வாயிலிருந்து வந்த எந்தத் திட்டுக்கும் நான் இப்படி ஆண்டவருக்கு நன்றி சொன்னதில்லை.

ஆனால் மாவு அறைக்குள் இனி மணி என்ற பேச்சே கூடாது என்று உத்தரவு. எனக்குக் கை வெறுமையாகிவிட்டது. அப்போது அடுப்பு அக்கா தன் ஏப்ரன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கம்பளிக் கயிற்றை எடுத்துக் காட்டினார். வரிசையாக முடிச்சுகள், நுனியில் முடிச்சாலேயே ஒரு சிலுவை. அவர்கள் சபையில் மணி கிடையாதாம், முடிச்சுதானாம். ஒவ்வொரு முடிச்சுக்கும், "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரக்கம் வையும்" என்று சொல்வார்களாம். உதிராது, சத்தம் போடாது, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். எனக்கும் ஒன்று பின்னக் கற்றுக்கொடுக்க வீட்டுக்கே வந்தார்.

மாமாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் ஜெபமாலையைப் பார்த்து, "மணி எண்ணிக் கும்பிட கர்த்தர் என்ன கணக்குப்பிள்ளையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். கயிற்றைப் பார்த்ததும், "மணி போய் இப்ப கயிறா? அடுத்து என்ன, சங்கிலியா?" என்றார். அடுப்பு அக்கா காது கேட்காத மாதிரி நூலைப் பிரித்தார். அந்த முடிச்சு லேசுப்பட்டது இல்லை. நூல் தன்னையே ஏழு தடவை குறுக்கே தாண்ட வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு சிலுவை. நான் இழுத்தால் சிக்கு, விட்டால் அவிழ்ந்துவிடும். மாமா செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "இந்தா, இப்படிக் குடு" என்று பிடுங்கிக்கொண்டார்.

காலமெல்லாம் லாரியில் தார்ப்பாய் கட்டின கை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அடுப்பு அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல மாட்டையே கட்டலாம்" என்றார். மாமாவுக்கு வந்ததே ரோஷம்! அன்றிலிருந்து நூலும் கையுமாக இருக்கிறார். "ஜெபத்துக்கு இல்ல, முடிச்சுக்காகத்தான்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறார்.

இனி எழுதப் போவதை நீங்கள் படித்துவிட்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கிளம்பின அன்று மாமா வாசலுக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டதும், அவர் அசையாததும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு உங்கள் பேரையே அவர் சொன்னதில்லை. போன ஞாயிறு நான் கோயிலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அவர் தன் சபைக்குப் போய்விட்டு எனக்கு முன்பே வந்திருக்கிறார். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் பாதி பின்னின கயிறு. விரல் ஒவ்வொரு முடிச்சாக நகர்ந்தது. என்ன சொல்கிறார் என்று காது கொடுத்தேன். "பாவியாகிய என்மேல்" என்று அவர் சொல்லவில்லை. "என் பையன்மேல் இரக்கம் வையும், என் பையன்மேல் இரக்கம் வையும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் காட்டாமல் தெருவுக்கே போய், கேட்டை டமாலென்று அடித்துக்கொண்டு மறுபடி வந்தேன். கயிறு சட்டைப் பைக்குள் போய்விட்டது. "கோயில்ல இன்னைக்கு ரொம்ப நேரமோ? பசிக்குது" என்று ஒரு அதட்டல்.

நேற்றுச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். பிறகு யாரையோ கேட்பது போல, "அந்தப் பக்கம் எந்த பஸ் போகும்?" என்றார். ஆக, வருகிற பார்வையாளர் நாளில் நாங்கள் இருவரும் வருகிறோம். அவரிடம் எதையும் கேட்காதீர்கள், மன்னிப்பு என்றும் ஆரம்பிக்காதீர்கள், இருவரும் அழுதால் என்னால் சமாளிக்க முடியாது. சட்டைப் பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், போதும். கயிறு கொடுக்கலாமா என்று சிஸ்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

மாத்திரையை ஒளித்துவைக்காமல் விழுங்குங்கள். உங்கள் அறையில் இருக்கும் அந்தப் பெரியவர் சாப்பிட மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

விடுகிற நாளில் கூட்டிப்போக யாரும் வர வேண்டாம், தனியாகவே வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நம்புகிறேன். மாதா உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பஸ் நம் தெரு முனைக்கே வரும். வழியில் எந்த நிறுத்தத்திலும் இறங்காமல் வந்துவிடுங்கள்.

என்றும் உங்கள்,
மனைவி