மௌனா கேயாவின் காற்று

ஹிலோ,
ஜனவரி 9, 1983

அன்புள்ள லோபகா,

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா வீட்டுக்கு வந்தும் உறக்கம் பிடிக்கவில்லை. இங்கே தகரக் கூரை தடதடக்கும்போதெல்லாம், மேலே என்ன காற்றோ என்று மனசு உன்னிடம் ஓடுகிறது. மௌனா கேயா மலைப்பாதையில் பனி தள்ள உன்னை விட்டால் ஆளே இல்லையா? துறைமுகத்தில் வேலைக்கு எடுக்கிறார்கள். இறங்கி வந்துவிடேன்.

தம்பி கவிகா வாய் ஓயாமல் உன்னைக் கரித்துக்கொட்டுகிறான். "அந்த ஆளுக்கு மலைதான் பொண்டாட்டி, உனக்கு அங்க என்ன வேலை?" என்கிறான்.

சேம்புக் களி கொடுத்தனுப்பியிருக்கிறேன். புளிக்கும் முன் சாப்பிடு.

ஹௌனானி


மலை முகாம்,
ஜனவரி 15

என் ஹௌனானி,

கவிகா எல்லாம் சொல்லியிருப்பான். என் வாயாலும் கேள்.

புயல் வருகிறதென்று பாதையை அடைத்தோம். அதற்குள் ஒரு வண்டி மேலே போயிருந்தது. பிள்ளைகள் விளையாட ஊருக்குப் பனி அள்ளிப்போக வந்தவன் என்றார்கள். பனித்தள்ளி இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். காற்று அதையே அசைத்துப் பார்த்தது. எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உச்சிக்குக் கீழே ஒரு வளைவில் அந்த வண்டி கவிழ்ந்து கிடந்தது. உள்ளே உன் தம்பி, கை முறிந்து, உதடு நீலம் பாரித்து.

"நீயா? அவங்களுக்கு வேற ஆள் கிடைக்கலையா?" என்றான்.

"இந்தக் காத்துல வேற எந்த முட்டாள் வருவான்? தோளைப் பிடி."

இறங்கும்வரை என் சட்டையை அவன் விடவில்லை. ஹௌனானி அக்காவை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வந்துவிடு. வீடு வீடாகவே இல்லை.

உன் லோபகா


ஹிலோ,
ஜனவரி 20

லோபகா,

கவிகா கட்டுப்போட்ட கையோடு தெருவெல்லாம் உன் புகழ் பாடுகிறான். ஒற்றைக் கையால் என் பெட்டியையும் அவனே கட்டினான். நானும் கார்வரை போனேன். ஏற முடியவில்லை.

அன்று நான் பக்கத்தில் இருந்திருந்தால் உன்னைப் போக விட்டிருக்கமாட்டேன். நீயும் என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று என் தம்பி இல்லை. ஆகையால் இறங்கி வா என்று இனி சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அடுத்த புயலிலும் யாரோ ஒருத்தியின் தம்பி மேலே மாட்டிக்கொள்வான். நீ ஏறுவாய். நீ ஏறத்தான் வேண்டும். அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டி ஹொனலூலு போகிறேன். ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது.

தைக்க எடுத்துவந்த உன் கம்பளிச் சட்டையின் முழங்கைக் கிழிசலைத் தைத்துவிட்டேன். கவிகா கொண்டுவருவான். மேலே போகும்போது போட்டுக்கொள்.

ஹௌனானி