குரல் விட்டு விட்டு வருகிறது

ஜனவரி 11

என் அருமை அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். நானும் அவரும் பாப்பாவும் சௌக்கியம். இந்த நாட்டுக் குளிர்தான் எலும்புக்குள் குடியேறிவிட்டது, காலி செய்ய மாட்டேன் என்கிறது. ஹோட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போது மட்டும் கதகதப்பாக இருக்கிறது. முதலாளியிடம் சொல்லிவிடாதே, குளிருக்குப் பயந்தே நான் லீவு போடுவதில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். இரண்டு காதுகளோடு வெள்ளையாக இருப்பது ரவுட்டர். இன்னொன்று போன். வயர் எங்கே என்று அத்தான் தேடுவார், கிடையாது என்று சொல்லிவிடு. இன்டர்நெட் கம்பெனிக்காரர் உங்கள் சுவர் வரைக்கும் லைன் இழுத்து ஒரு பெட்டி வைப்பார். அந்தப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பெட்டிக்கு ஒரு சின்ன வயர், அவ்வளவுதான். மீதியை வைஃபை பார்த்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் எல்லாம் இங்கேயே போட்டுவிட்டேன். என்னவென்று கேட்காதே, உன் பட்டப்பெயர்தான்: மைக்.

என்னிடமும் இதே மாதிரி போன் இருக்கிறது. நம் இரண்டு பேருக்குள் எவ்வளவு பேசினாலும் பில் வராது. இத்தனை வருஷமாக நாம் பேசியது ஒரு பேச்சா அக்கா? உங்கள் வீட்டுச் சுவர் கோட்டைச் சுவர், மொபைல் உள்ளே வந்தால் செத்துப்போகிறது. அதனால் உன் ரயில்வே ஸ்டேஷன் மேனேஜர் மேஜையிலிருக்கும் போனில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீ "ம்... சரி... வைக்கட்டுமா" என்பாய். வண்டி வருவதை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறவள், தங்கச்சியிடம் மூன்று வார்த்தை!

இனிமேல் தப்பிக்க முடியாது.

உன்
வாயாடி

*

பிப்ரவரி 2

என் செல்ல வாயாடிக்கு,

பார்சல் வந்தது. உன் அத்தான் நீ சொன்ன மாதிரியே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி வயரைத் தேடினார்.

கம்பெனிக்காரர் வருகிறேன் வருகிறேன் என்று எங்களைக் காக்கவைத்துவிட்டு, நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போனார். அப்புறம் ஒருநாள் உன் அத்தான் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே காவல் கிடந்து பிடித்தார். வந்தவர் சுவரில் துளை போட்டார். துளைக் கருவி சூடாகி நின்றதே தவிர சுவர் அசையவில்லை. கடைசியில் ஜன்னல் இடுக்கு வழியாக வயரை விட்டார். இப்போது அந்த ஜன்னலை மூட முடியாது. காற்று வேறு, கொசு வேறு. இன்டர்நெட் வந்ததோ இல்லையோ, கொசு வந்துவிட்டது.

முதல் தடவை மணி அடித்தபோது போனை எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ "அக்கா" என்றாய். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. நீ "அழுறியா? அழுறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆமாம், அழுதேன் என்றே வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா

*

பிப்ரவரி 18

அன்பு அக்காவுக்கு,

பேசிய சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது என் புகார்.

லைன் சரியில்லை. உன் குரல் விட்டு விட்டு வருகிறது. வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகிறது. பாதி எழுத்துகள் தொலைந்துபோகின்றன. "சர்க்கரை" என்றாயா "அக்கறை" என்றாயா என்று போனை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். பாப்பா கேட்டுவிட்டு, "பெரியம்மா தண்ணிக்குள்ள இருந்து பேசறாங்களா?" என்கிறாள்.

என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்கு இதெல்லாம் அத்துப்படி. ரவுட்டரை மைக்ரோவேவ் பக்கத்தில் வைக்கக்கூடாதாம், ஃபிரிட்ஜ் பக்கத்திலும் கூடாது. உயரமான இடத்தில், நடுவீட்டில் வைக்கச் சொன்னார். அத்தானைக் கொஞ்சம் மெனக்கெடச் சொல். கம்பெனிக்காரரைச் சும்மா விடாதே. நீ சாதுவாகக் கேட்டால் சாவகாசமாகத்தான் வருவார்கள்.

நீயும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். மென்று முழுங்காமல் நிறுத்திப் பேசு. மைக் முன்னால் எத்தனை அழகாகச் சொல்வாய்! என்னோடு பேசும்போது மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டையா?

கோபித்துக்கொள்ளாதே. ஆசையாகக் கேட்க உட்கார்ந்தால் அரைகுறையாக வருகிறதே என்கிற ஆற்றாமைதான்.

வாயாடி

*

மார்ச் 5

செல்லத்துக்கு,

நீ சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. வெள்ளைப் பெட்டி முதலில் அலமாரி மேல் ஏறியது. அப்புறம் கதவு நிலைக்கு மேல். இப்போது பரணில் பழைய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. உன் அத்தான் ஸ்டூலில் ஏறி நின்று, "இப்ப வருதா? இப்ப?" என்று கத்துவார். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். "தலைய ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும், வாயத் தொறந்து சொல்லு" என்பார். சொல்லிவிட்டு உடனே கீழே இறங்கி வந்து என் தலையைத் தடவிக் கொடுப்பார். அவருக்கு முன்கோபம் போய் இப்போது பின்கோபம் கூட இல்லை.

இன்னொரு கூத்து. மாடி வீட்டுக்காரர் பாஸ்வேர்ட் கேட்டாராம், இவர் தாராளமாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் நாள் பூராவும் நம் செலவில் சினிமா. நாங்கள் மாற்றிவிட்டோம். படிக்கட்டில் பார்த்தால் அந்தம்மா இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "லைன் பளிங்கு மாதிரி இருக்கும்மா, எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல" என்றார். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஸ்டேஷனில் அறிவிப்புக்குப் பதிவு செய்த குரல் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் போதும், அந்தக் குரலுக்குச் சளியும் பிடிக்காது, லீவும் வேண்டாம். என்னைத் தொலைந்த சாமான் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். குடைதான் நிறைய வருகிறது. ஒற்றைச் செருப்பு கூட வருகிறது. ஒற்றைச் செருப்போடு ஒருவர் எப்படி வீட்டுக்குப் போயிருப்பார், சொல்? தொண்டைக்கு ஓய்வு, நல்லதுதான்.

நீ போன் பண்ணினாலும் கடிதம் எழுதுவதை விட்டுவிடாதே. இதில் எதுவும் விட்டுப்போவதில்லை.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

நலமா என்று கேட்க இப்போது வாய் வரவில்லை. ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது அத்தான் எடுத்தார். நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். பரணிலிருந்து ரவுட்டர் விழப் பார்த்த கதை, மாடி வீட்டம்மா கதை எல்லாம் சொன்னார். கணீரென்று இருந்தது அக்கா. அவர் மூச்சு விடுவது கூட எனக்குக் கேட்டது. அதே போன், அதே சுவர், அதே வெள்ளைப் பெட்டி. ஒரு எழுத்து கூடத் தொலையவில்லை.

நடுவில் உள்ளேயிருந்து யாரோ இருமும் சத்தம். "ஒரு நிமிஷம்மா, அவளுக்குத் தண்ணி குடிச்சாலே புரையேறுது, முதுகைத் தட்டிட்டு வந்துடறேன்" என்று போனை அப்படியே வைத்துவிட்டுப் போனார். குளிக்கிறவளுக்கு எப்படிப் புரையேறும்? திரும்பி வந்ததும் நான் கேட்டேன். "லைன் சரியா கேக்கலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனை எதற்குப் பொய் சொல்ல வைக்கிறாய்?

என்ன உனக்கு?

தங்கச்சி

*

ஏப்ரல் 4

என் கண்ணுக்கு,

அவரைக் கோபிக்காதே. சொல்லக்கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன்.

மழைக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் நாக்கு கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. பல் கட்டிய கோளாறு என்று நினைத்தேன். ஒருநாள் மாலை வண்டி நடைமேடை மாறி வந்தது, அறிவித்தேன். நான் சரியாகத்தான் சொன்னதாக நினைத்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வேறு மேடைக்கு ஓடி, வண்டியைத் தவறவிட்டுவிட்டு, நேராக என் அறைக்கு வந்தாள். "என்னம்மா, குடிச்சிட்டா பேசற?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த "இல்லை"யும் குழறித்தான் வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

டாக்டர் பெரிய பெயராகச் சொன்னார். நரம்பு வியாதி. நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகின்றனவாம். நிறுத்திவைக்க மருந்து இல்லை, தள்ளிப்போட மட்டும் கொஞ்சம் இருக்கிறது. முதலில் பேச்சு, அப்புறம் விழுங்குவது. கைக்கு இன்னும் ஒன்றும் இல்லை, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

உன் பார்சல் வந்தபோதே எனக்கு இதெல்லாம் தெரியும். குரல் போகிற நேரம் பார்த்துப் போன் வந்திருக்கிறதே என்று உன் அத்தான்தான் அழுதார். நீ "லைன் சரியில்லை" என்று எழுதியதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பழியை அந்த வெள்ளைப் பெட்டி சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொன்னால் என்ன ஆகும்? அங்கே தங்குவதற்கான உன் தாள்கள் இன்னும் முடியவில்லை, கிளம்பினால் திரும்ப முடியாது. நீ அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்பாய். நான் இங்கே பிசைவது போதாதா?

இப்போது தெரிந்துவிட்டது. வரவேண்டாம். கூப்பிடு, அது போதும். இன்னும் கொஞ்சம் குரல் மிச்சம் இருக்கிறது.

அக்கா

*

மே 2

கண்ணு,

போன் அடிக்கவே இல்லை. உன் அத்தான் தினமும் எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறார். பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நாங்கள் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது.

நான் எழுதியதில் ஏதாவது உன்னைச் சுட்டுவிட்டதா? அப்படியானால் திட்டு. திட்டவாவது கூப்பிடு.

அக்கா

*

மே 19

அக்கா,

உன் இரண்டு கடிதங்களையும் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

அனுமதித் தாள் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் நல்லவள்தான். பொறுமையாகக் கேட்டாள். "நீங்க போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா போனா உங்க விண்ணப்பம் அதோட முடிஞ்சுது. திரும்ப வர முடியாது" என்றாள். அவரும் பாப்பாவும் இங்கே. "எவ்வளவு நாள் ஆகும்?" என்றேன். "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. வேறு ஜன்னலுக்குப் போனேன். அங்கேயும் அதே பதில்தான், கொஞ்சம் சிடுசிடுப்போடு.

போன் அடித்தபோதெல்லாம் நான் வீட்டில்தான் இருந்தேன் அக்கா. எடுக்கவில்லை. ஒரு தடவை அவர் எடுக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பாப்பா, "பெரியம்மாதானே, எடும்மா" என்றாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன், சத்தம் கேட்காமலிருக்க.

நீ சுடவில்லை. நீ பேசி எனக்குப் புரியாமல் போனால் என்ன செய்வேன் என்று பயம். "என்ன? என்ன சொன்ன?" என்று உன்னையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நீ திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போவாய். கடைசியில் புரிந்த மாதிரி நான் "ம்" கொட்டுவேன், அது பொய் என்று உனக்குத் தெரிந்துவிடும். நீ உயிரைக் கொடுத்துச் சொல்ல, நான் அதைக் குப்பை மாதிரிக் கீழே போட்டுவிடுவேன். அதற்குப் பயந்து, இருக்கிற கொஞ்சம் குரலையும் கேட்காமல் வீணாக்கினேன். எவ்வளவு நாள் வீணாகிவிட்டது.

என்னால் வர முடியாது. உன்னைக் குணப்படுத்த முடியாது. அத்தானுக்கு ஒரு வேளைச் சமையல் கூடச் செய்து தர முடியாது. செய்ய முடிந்தது இவ்வளவுதான், எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்திருக்கும், ஜூன் முதல் ஞாயிறு உங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடுவேன். அத்தானை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைக்கச் சொல். நீ பேச வேண்டாம். பேசத் தோன்றினால் பேசு. புரியாததைப் புரியவில்லை என்றே சொல்வேன், "ம்" கொட்டி ஏமாற்ற மாட்டேன். மீதி நேரம் நான் பேசுகிறேன். சலவை அறைச் சண்டை, பாப்பா பள்ளிக்கூடத்தில் செய்கிற அட்டகாசம், எல்லாம் இருக்கிறது. பேச எதுவும் இல்லாவிட்டால் போனைத் திறந்தே வைத்துவிட்டு நான் இங்கே துணி மடிப்பேன், நீ அங்கே மெதுவாகச் சாப்பிடு. புரையேறினால் அத்தான் தட்டட்டும், எனக்குக் கேட்கட்டும். கேட்டுவிட்டு ஓடமாட்டேன்.

நான் பேசியே உன்னை அறுத்தால் பட்டென்று வைத்துவிடு. மறுநாள் மறுபடி கூப்பிடுவேன்.

உன் தங்கச்சி