மூக்கம்மாள் காட்டில் எடுத்த படம்

திருச்சுழி,
மாசி, ஞாயிறு.

அன்பு மகள் துர்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் ஹைதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் நம் காட்டுக்குப் போய் வந்தேன். அப்பா விசைத்தறிக்குப் போகத் தொடங்கிய பிறகு அதில் ஏர் படவில்லை, உனக்கே தெரியும். இந்த வருடமும் சீமைக்கருவேல்தான் முளைத்துக் கிடக்கிறது, ஓர் உழவுசால்கூட இல்லை. அந்தக் காட்டில் மக்காச்சோளம் கருகியதாகச் சொல்லி அப்பா பேரில் வறட்சி நிவாரணம் வாங்கியிருக்கிறார்களோ என்ற சந்தேகத்தில்தான் போனேன்.

நேற்றுப் பக்கத்துக் காட்டு மூக்கம்மாள் அக்கா வந்திருந்தார். விதைத்தவர்களுக்கெல்லாம் வந்த நிவாரணம் அவருக்கு மட்டும் வரவில்லை. ஆபீசில் கேட்டால், அவர் காட்டுப் பயிர் ஏற்கெனவே வேறு பேரில் படத்தோடு பதிவாகிவிட்டது என்றார்களாம். "ரெண்டு கெடாய வித்து வெத வாங்கிப் போட்டவ நானு, என் காட்டுல இன்னொரு பேரு எப்பிடித் தாயி மொளச்சது? நீ படிச்சவ, சொல்லு" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கொடுத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த விதைப்புக்கு விற்க அவரிடம் ஆடும் இல்லை.

எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. மார்கழியில் உன் பெரியப்பா கோட்டைச்சாமி, பயிர்க் கணக்கெடுக்க வந்தவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு காடுகாடாகச் சுற்றினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கணக்கெடுப்பில் எடுத்த ஒரு படத்தைப் போனில் காட்டி, "எந்தம்பி நிக்கிற தோரணையப் பாரு சுமதி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி" என்று கேலி செய்தார். கருகிய மக்காச்சோளத்துக்கு நடுவில் அப்பா, பின்னால் ஆமணக்கு வரிசை. ஆடு வாய் வைக்காது என்று காட்டைச் சுற்றி ஆமணக்கு போடுவது நம் பக்கத்தில் மூக்கம்மாள் அக்கா மட்டும்தான். காட்டை மறந்துபோன அண்ணனுக்கும் தம்பிக்கும் அது கண்ணில் படவே இல்லை. இன்று பார்த்தேன், அக்கா காட்டில் சோளத்தட்டை அறுத்தாயிற்று, ஆமணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் நில்லுன்னாரு, நின்னேன். ஊருல எல்லாரும் செய்யிறதுதான, நீ எதுக்கு இதுக்குள்ள தலையக் குடுக்கிற" என்றார். பணம் வந்ததா என்றால் இல்லை என்கிறார். அப்படிச் சொல்லும்போது வாசலில் கிடக்கிற செருப்பை வீட்டுக்குள் தேடுகிறார். போன மாதம் உன் விடுதி முன்பணத்தைத் தறிக்கூலியில் மிச்சம் பிடித்ததாகச் சொல்லி அனுப்பினாரே, அந்த மாதம் பாதி நாள் தறியே ஓடவில்லை. பெரியப்பா மட்டும் வைத்துக்கொண்டாரா, அப்பாவுக்கும் பங்கு உண்டா, எதை நம்புவது என்று தெரியவில்லை. இப்போது சோறு போடும்போதுகூட அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுகிறேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவரை இப்படிப் பார்ப்பது எனக்கே பிடிக்கவில்லை.

அந்தப் பணத்தில் மிச்சமிருந்தால் தொடாமல் வை. செலவாகியிருந்தால் மறைக்காமல் சொல், என் கம்மலை வைத்தாவது ஈடுகட்டிவிடலாம். அப்பாவிடம் போனில் சண்டைக்குப் போகாதே. வெயில் தொடங்கிவிட்டது, நிறையத் தண்ணீர் குடி, இரவு ஷிப்ட் முடிந்து தனியாக ஆட்டோவில் ஏறாதே. எங்கே இருந்தாலும் குலசாமி உனக்கு முன்னால் நடக்கட்டும்.

நாளை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனு நாள். மூக்கம்மாள் அக்காவை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போகப் போகிறேன். அக்காவுக்கே இன்னும் சொல்லவில்லை, இந்த வரியை எழுதும்வரை யாருக்கும் சொல்லவில்லை. படத்தில் நிற்பது என் புருஷன், நிற்கிற இடம் இந்த அக்காவின் காடு என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வருவேன்.

உன் அம்மா,
சுமதி